காணும் பொங்கலுக்கு மலையைக் காட்டினோம்

சொந்த ஊரில் இருப்பவர்களுக்குப் பொங்கல் என்றால் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள். பிழைப்புக்காக வேற்றூரில் குடியேறியவர்களுக்கு விருந்தாளியோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வரும். ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்களுக்கு அப்படி வாய்த்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூர்.

நானும் வீட்டுக்காரரும் ஆசிரியர்கள். இரண்டு பேருமே மன்னார்குடிப் பக்கம். வேலை கிடைத்து மலையேறி 14 வருடம் ஆகிறது. இந்த முறை தைப்பொங்கலுக்கு அப்பா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் வந்திருந்தார்கள். அப்பாவும் அண்ணனும் நெல் விவசாயிகள். சம்பா அறுவடைக்கு இன்னும் இருபது நாள் இருந்ததால் வயலை விட்டு வர முடிந்தது. “மலையில பார்க்க என்னம்மா இருக்கு?” என்று அண்ணி போனிலேயே கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு நாலைந்து நாளில் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

மலையாளி என்றால் கேரளம் இல்லை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள். போளூரிலிருந்து வரலாம், செங்கத்திலிருந்து வரலாம், திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாகவும் வரலாம். வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி வழி இருக்கிறது. எங்கள் வீட்டார் திருவண்ணாமலை வந்து, போளூரில் பஸ் மாறி, வளைந்து வளைந்து ஏறும் மலைப் பாதையில் போகியன்று மதியம் வந்து இறங்கினார்கள்.

இங்கே பூர்வகுடிகள் மலையாளிகள். பேர் கேட்டதும் அண்ணன், “கேரளாக்காரங்களா?” என்றார். இல்லை. மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளி என்று சொல்வார்கள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது வழிவழியாக அவர்கள் சொல்லிவரும் கதை. பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். திருப்பத்தூர்ப் பக்க மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று ஊர்த் தொகுதிகளை இன்றைக்கும் ‘நாடு’ என்றே அழைக்கிறார்கள்.

நம்ம ஊருக்கும் இந்த மலைக்கும் முதல் வித்தியாசம் தண்ணீர். டெல்டாவில் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்கிறார்களா என்று பார்த்து நாற்றங்கால் போடுவோம். இங்கே எந்த அணையும் திறக்காது. மழை விழுந்தால் விதை விழும். ஆனால் கீழே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் இந்த மலையிலிருந்துதான் போகிறது. செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். அது திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. படவேட்டுப் பக்கம் கமண்டல நதியும் இந்த மலையிலிருந்து இறங்குகிறது. செண்பகத்தோப்பு அணை அதன் குறுக்கேதான் இருக்கிறது. மலைமேல் மரம் நின்றால்தான் ஆரணி, போளூர்ப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் நிற்கும். இதைச் சொன்னதும் அப்பா, “அப்ப இதுவும் ஒரு தலைமடைதான்” என்றார். கடைமடைக்காரர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை நான் மறக்க மாட்டேன்.

சாமைப் பொங்கல்

பொங்கலன்று எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பானை. ஒன்றில் அப்பா மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த பச்சரிசி. இன்னொன்றில் பக்கத்து வீட்டு ஆயா கொடுத்த சாமை அரிசி. மலையில் தை மாதக் குளிருக்கு ஏழு மணி வரை அடுப்பை விட்டு யாரும் நகரவில்லை. சாமை சீக்கிரம் வெந்துவிடும். அரிசிப் பானை பொங்குவதற்கு முன்பே சாமைப் பானை பொங்கிவிட, பிள்ளைகள் இரண்டு முறை “பொங்கலோ பொங்கல்” சொன்னார்கள். வெல்லம் போட்டுக் கிண்டினால் சாமைப் பொங்கல் குழைவாக வரும். தொட்டுக்கொள்ள இந்தப் பருவத்துப் பச்சை மொச்சைக் குழம்பு. அண்ணி இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டது சாமைப் பொங்கலைத்தான்.

அண்ணிக்குச் சாமை புதிது இல்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து தஞ்சாவூர்க் கடைகளிலும் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வாங்கிச் சமைக்கிறார்கள். ஆனால் அது செடியில் எப்படி இருக்கும், எப்படி அரிசியாகிறது என்று பார்த்ததில்லை. அதனால் மறுநாள் காலையில் முதலில் காட்டியது அருவியை இல்லை, ஆயாவின் களத்தை.

களத்தில் கேட்ட கேள்விகள்

ஆயாவுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். சரிவு. சாமை அறுப்பு எப்போதோ முடிந்திருந்தது. கட்டிப் போட்ட போரில் கடைசிப் பகுதியை மாடு விட்டு மிதித்துத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். வயலில் துவரை மட்டும் நின்றது.

“குந்துங்க ஐயா” என்று ஆயா கோணியை விரித்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. களத்தைச் சுற்றி வந்து, ஒரு கைப்பிடி அள்ளி, ஊதிப் பார்த்தார். பிறகு கேள்வி மேல் கேள்வி.

“இதுக்கு எப்பத் தண்ணி கட்டுவீங்க?”

“மானம் கட்டுற தண்ணிதான் ஐயா.”

“உரம்?”

“ஆட்டுப் புழுக்கை, மாட்டெரு. அவ்ளோதான்.”

“விதை?”

ஆயா வீட்டுக்குள் போய் ஒரு மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாயில் வேப்பிலை போட்டுச் சாணியால் மெழுகியிருந்தது. அவர் மாமியார் காலத்திலிருந்து வருகிற விதையாம். வெளியில் வாங்கியதே கிடையாது. ஒரு வருடம் விதைக்காமல் விட்டால் பானை காலியாகிவிடும், அதோடு அந்த விதையும் போய்விடும் என்றார்.

சாமைக்கு ஆகும் செலவு குறைவு என்பது அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கே அடிபடுகிறது என்பதை அண்ணன்தான் கண்டுபிடித்தார். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மேல்தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு உரல். ஒரு வேளைச் சோற்றுக்கு விடியலிலேயே பெண்கள் உலக்கை பிடித்தாக வேண்டும். ரேஷனில் அரிசி வந்ததும் அந்தப் பாடு குறைந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் சாமை தின்பது குறைந்தது. விளைந்ததை அப்படியே தோலோடு அடிவாரத்து வியாபாரிக்குப் போடும் பழக்கம் வந்தது.

களத்தில் நின்றபடியே அண்ணன் கணக்குப் போட்டார். பத்துக் கிலோ சாமையைத் தோல் நீக்கினால் ஆறு, ஆறரைக் கிலோ அரிசி கிடைக்கும். அண்ணி கடையில் கொடுக்கும் விலைக்கு அந்த அரிசியைப் பெருக்கினார். ஆயாவுக்குக் கிடைத்த பணம் அதில் பாதிகூட இல்லை. “நெல்லுலயும் இதே கதைதான். அரைக்கிறவனுக்குத்தான் காசு” என்றார் அப்பா. உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் இருந்து, நாலு பேர் சேர்ந்து அரிசியாக்கி விற்றால் இந்த மலையிலேயே அந்தப் பணம் தங்கும். மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் இங்கே அந்த வேலையைத்தான் செய்யப் பார்க்கின்றன. எல்லா ஊருக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை.

பண்டிகைக்கு நிறையும் மலை

மாட்டுப் பொங்கலன்று ஊர் முழுக்க ஆள். வழக்கமாக இப்படி இருக்காது. பிள்ளைகள் கொட்டமடிப்பதும், வாசலில் பைக் வரிசையாக நிற்பதும், பழைய மாட்டுக் கொம்புக்குப் புது வண்ணம் ஏறுவதும் வருடத்தில் சில நாள்தான். ஆயாவின் இரண்டு மகன்களும் அன்றைக்குத்தான் ஊரில் இருந்தார்கள். ஒருவர் கேரளத்தில் காப்பித் தோட்டத்தில், இன்னொருவர் பெங்களூரில் கட்டட வேலையில். சாமை, புளி, தேன் என்று எல்லாம் இருந்தும் வருடம் முழுக்கக் கைக்காசு வராததால் இந்த மலையின் இளைஞர்கள் வெளியூர் போகிறார்கள்.

எப்படிப்பட்ட வேலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று தெரியாமலே போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசிக்கொண்டது அதைப் பற்றித்தான். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது. மரத்துக்கு இருக்கும் விலை மனிதனுக்கு இல்லையா என்று அப்போது ஒரு பெரியவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

இதை விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். பண்டிகை நாளில் வாயில் வரக்கூடிய பேச்சில்லை. ஆனால் அண்ணன் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். அவன் வயதுப் பையன்கள் ஏன் நாளைக் கழித்து பஸ் ஏறப் போகிறார்கள் என்று அவனே கேட்டான். அதனால் சொன்னேன்.

காணும் பொங்கல்

காணும் பொங்கலன்று மலையில் வெளியூர் வண்டிகள் குவியும். நாங்களும் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினோம். முதலில் கோலப்பன் ஏரி. படகில் போகலாம். காலை ஒன்பது மணிக்கு முன் போனால் பனி ஏரிமேல் நிற்கும், கூட்டமும் இருக்காது. அடுத்து பீமன் அருவி. தை மாதத்தில் தண்ணீர் மெலிந்துதான் விழும். அருவி பார்க்க வேண்டும் என்றே வருபவர்கள் மழைக்காலத்தில் வர வேண்டும். அப்போது பாறை வழுக்கும், பிள்ளைகள் மேல் கண் வேண்டும்.

அருவிக்குப் போகும் வழியெல்லாம் கிடந்த பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பாட்டிலைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாள் பண்டிகை. அதைப் பொறுக்க இங்கே இருப்பவர்களுக்குப் பல நாள் ஆகும். பொறுக்காமல் விட்டதை மாடு தின்னும். அண்ணி ஊரிலிருந்தே எவர்சில்வர் தட்டு கொண்டுவந்திருந்தார்கள். “வயக்காட்டுல சாப்பாடு கொண்டு போறதில்லையா, அதே மாதிரிதான்” என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள்.

மாலையில் கல்திட்டைகளைப் பார்க்கப் போனோம். பெரிய பலகைக் கற்களை மூன்று பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த சின்னச் சின்ன அறைகள். செத்தவர்களுக்காகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை. 2,000 ஆண்டுக்கும் மேல் பழையவை. ஊரில் குள்ளர் வீடு என்கிறார்கள். அந்தக் காலத்தில் குள்ள மனிதர்கள் வாழ்ந்தார்களாம். பிள்ளைகளுக்கு அந்தக் கதை பிடித்துப்போய் ஒவ்வொரு அறைக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார்கள். கீழே செங்கத்தைச் சுற்றி நடுகற்கள் ஏராளம். சங்க நூலான மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊரும் செங்கம்தான் என்பார்கள். அந்தப் பாட்டில் மலையும் தினைப்புனமும் வழிப்போக்கருக்குக் கொடுக்கும் விருந்தும் வருகின்றன. விருந்தாளிக்கு வழிகாட்டுவது இந்தப் பக்கத்துக்குப் பழைய வேலைதான் போலிருக்கிறது.

காவலூரில் ஓர் இரவு

ஊருக்குக் கிளம்ப முந்தின நாள் சனிக்கிழமை. காவலூர் வானியல் ஆய்வு மையத்துக்குக் கூட்டிப் போனோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். நகரத்து வெளிச்சம் இல்லாத இருட்டுக்காகவும் தெளிந்த வானத்துக்காகவும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் அளவுள்ள சின்னத் தொலைநோக்கியோடு தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6-ல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் பிரதமர் ராஜீவ் காந்தி. அதைக் காண வைணு பாப்பு உயிரோடு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் ஆய்வு மையத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்.

இரவில் சின்னத் தொலைநோக்கி வழியாக அண்ணன் மகள் வியாழனைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரே வரிசையில் நாலு புள்ளி. வியாழனின் நிலாக்கள் என்றார்கள். “நாலும் வேற வேற நிலாவா அத்தை?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பா தொலைநோக்கியைவிட வெறும் வானத்தையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மடைக்குக் காவல் போன காலத்தில் மன்னார்குடியிலும் இப்படித்தான் தெரியும், மணி பார்க்க வெள்ளிதான் கடிகாரம் என்றார். இப்போது அங்கே விடிய விடிய விளக்கு.

வர நினைப்பவர்களுக்கு

எந்த மாதம் வரலாம் என்று பலர் கேட்கிறார்கள். பொங்கலுக்கு வந்தால் குளிர், மொச்சை, நெல்லிக்காய், தெளிந்த வானம், ஊர் நிறைய மனிதர்கள். பங்குனி, சித்திரையில் புளி, தேன். பள்ளி விடுமுறையில் வந்தால் பலாப்பழம். மாவட்ட நிர்வாகம் கோடை விழா நடத்தும் வருடங்களில் அதையும் பார்க்கலாம். ஆடி வெள்ளியில் அடிவாரத்துப் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் அலைமோதும். ஆவணிக்குப் பிறகு சீத்தாப்பழமும் அருவித் தண்ணீரும்.

காவலூரில் பொதுமக்களுக்கு அனுமதி சனிக்கிழமைகளில்தான். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும் என்பதால் இரவில் தங்க இடம் பார்த்துவிட்டு வருவது நல்லது.

வாங்குவதானால் சாமை அரிசி, தேன், புளி, கடுக்காய் வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ மகளிர் குழுவிலோ விளைவித்தவர் வீட்டிலோ வாங்கினால் பணம் மலையில் தங்கும். விவசாயிக்கு விவசாயி பேரம் பேசுவது அழகில்லை.

அண்ணன் கேட்ட கேள்வி உங்களுக்கும் இருக்கலாம்: சமவெளியில் சாமை வருமா? தண்ணீர் தேங்கும் களிமண் வயலுக்கு ஆகாது. மேட்டு நிலம், செம்மண், மணல் கலந்த மண் என்றால் வரும். ஏக்கருக்கு நாலு முதல் ஐந்து கிலோ விதை போதும். ஆனி, ஆடியில் மானாவாரியாக விதைக்கலாம். புரட்டாசிப் பட்டமும் உண்டு. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த ‘அத்தியந்தல் 1’ சாமை மூன்று மாதத்தில் அறுப்புக்கு வரும். முதல் தடவை கால் ஏக்கரில் விதைத்துப் பார்ப்பது நல்லது. மணி சின்னது என்பதால் குருவிக்குக் கொஞ்சம் போகும்.

அண்ணன் வடக்கு மேட்டுக் கொல்லையில் போட்டுப் பார்க்கிறேன் என்று ஆயாவிடம் ஒரு படி விதை கேட்டார். ஆயா காசு வாங்கவில்லை. “வெளஞ்சா ரெண்டு படியா திருப்பிக் குடு, சாமி. இங்க எங்க பானை காலியானா உங்க ஊர்ல இருக்கும்ல” என்றார். அவருடைய மூத்த மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆடிக்குக் காப்பித் தோட்டத்திலிருந்து லீவு போட்டு உழவுக்கு வருவதாகச் சொன்னார். வருவாரா என்பது மழையையும் மேஸ்திரியையும் பொறுத்தது.

ஆடியில் இந்த மலைக்கு வந்தால் ஏரி, அருவி எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். உழுத மண்ணும் விதைக்கிற ஆட்களும்தான் கண்ணில் படும். அப்பா ஆடிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.